திருடன் கட்டிவைத்துப் போன பை

திருட்டுப் போன பொருட்களின் பட்டியலை உதவியாளர் ஜாஸ்பின் உரக்க வாசித்தாள். வேண்டாம் என்று கைலாசநாதன் கையை ஆட்டியும் வாசித்தாள்.

"ஒண்ணு, சாருக்க போன். ரெண்டு, சாருக்க வாட்ச். மூணு, சுஜாக்காக்க செயின். நாலு, 'பரம ரகசியம்'னு சிவப்பு மையில எழுதி ஊருக்கே தெரியுத மாதிரி வச்சிருந்த ஒரு கவர். இடம், திற்பரப்பு அருவி. நேரம், நேத்து பதினொண்ணரைக்கும் பன்னிரண்டரைக்கும் நடுவுல. அந்த நேரத்துல பொருளுக்குச் சொந்தக்காரரு என்ன செய்தாரு? குளிச்சாரு. சொந்தக்காரருக்க தொழில்?" பேனாவைக் காதில் செருகிக்கொண்டு நிமிர்ந்தாள். "அத எழுதட்டா சாரே, விட்டிரட்டா?"

"விட்டிரு," என்றார் கைலாசநாதன்.

நாகர்கோவில் வடசேரியில், ஒரு தையல் கடைக்கு மேலே, ஆறு அடிப் பலகையில் 'கைலாஷ் துப்பறியும் நிலையம் - மாவட்டத்தின் மூன்றாவது கண்' என்று எழுதியிருக்கும். முதல் இரண்டு கண்கள் யாருடையவை என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. பத்தொன்பது வருடத்தில் இந்த நிலையத்துக்குக் கொலை வழக்கு எதுவும் வந்ததில்லை. நாஞ்சில் நாட்டில் கொலையைவிடக் கல்யாணத்துக்குத்தான் அதிகம் துப்பு வேண்டியிருக்கிறது. பையன் குடிப்பானா, பெண் யாரிடமாவது பேசுவாளா, அப்பாவுக்குச் சர்க்கரை உண்டா, அம்மாவின் வாய் எப்படி என்பதையெல்லாம் விசாரித்து, மூன்று பக்கத்தில் எழுதி, 'சம்மதிக்கலாம்' அல்லது 'வேண்டாம்' என்று முடிப்பார் கைலாசநாதன். அவர் 'வேண்டாம்' என்று எழுதிய இடத்தில் கல்யாணம் நடந்ததாகச் சரித்திரம் இல்லை. கம்ப்யூட்டரை நம்ப மாட்டார். கையால் எழுதுவார். ஒரே பிரதிதான்.

அப்படிப்பட்டவர் நேற்றுக் குடும்பத்தோடு திற்பரப்புக்குப் போனார். துபாயிலிருந்து லீவில் வந்திருந்த மருமகன் ஹரிகுமாருக்கு அருவி காட்ட வேன் பிடித்திருந்தார்கள். வேனை விட்டு இறங்குமுன் கைலாசநாதன், சுற்றுலாத் தலங்களில் உடைமைகளைக் காப்பது எப்படி என்று கால் மணி நேரம் பேசினார். எல்லாருடைய போனும் பர்ஸும் நகையும் ஒரே பைக்குள் போயின. ஜிப் போன பை. வாயை நைலான் கயிற்றால் கட்டினார். கல்லூரியில் என்.சி.சி.யில் கற்ற முடிச்சு அது. "இதை அவிழ்க்கத் தெரிந்தவர்கள் தமிழ்நாட்டில் நாலு பேர்தான்," என்று மருமகனிடம் சொல்லிவிட்டு, பையை வேனில் வைத்துவிட்டு, எண்ணெய்க் கிண்ணத்தோடு அருவிக்குப் போனார்.

ஐந்தாவது ஆள் கயிற்றை அறுத்துவிட்டான்.

"டிரைவர் ஷிஜினை நீங்க செக் பண்ணினதையும் எழுதணுமா?" என்றாள் ஜாஸ்பின்.

கைலாசநாதன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதை நினைத்தாலே காது சூடாகிறது. நூறு பேர் பார்க்க ஷிஜினின் சட்டைப் பையையும் கால்சட்டைப் பையையும் வெளியே இழுத்துப் போட்டார். எல்லாம் முடிந்த பிறகு அவன் நிதானமாகக் கேட்டான்: "சாரே, நான் தண்ணிக்க உள்ளயில்லா நின்னேன். உங்க முதுகுக்கு எண்ண தேச்சது ஆருன்னு நெனச்சிய?"

சாட்சி என்று பார்த்தால் மனைவி சுஜா ஒருத்திதான். அவள் குளிக்கவில்லை. சாப்பாட்டுப் பாத்திரங்களுக்குக் காவலாக, வேனுக்குப் பக்கத்தில் மரத்தடியில் காக்காய் விரட்டிக்கொண்டிருந்தாள். அவளையும் முறைப்படி விசாரித்தார். "ஒருத்தரும் வரல்ல," என்றாள். அவள் எதையும் கவனிக்கிற ரகம் இல்லை என்று டைரியில் எழுதிக்கொண்டார்.

போலீஸுக்குப் போகலாம் என்று மகள் ரேஷ்மி சொன்னாள். மூன்றாவது கண் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, என் பையைக் காணோம் என்று எழுதிக் கொடுப்பதா? பலகையைக் கழற்றித் தையல்காரனுக்கு மேஜை போடக் கொடுத்துவிடலாம்.

"அந்தக் கவரு?" என்றாள் ஜாஸ்பின். "அது ஆருக்க கையில போச்சோன்னுதான் எனக்குப் பயம். தோவாளைப் பிள்ளைக்க ரிப்போர்ட்டுதானே?"

அதேதான். குலசேகரத்து ரப்பர் வியாபாரி தாணுலிங்கத்தின் மகன் சிவபிரசாத். தோவாளையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கும் சுபிதாவைத்தான் கட்டுவேன் என்கிறான். வருகிற வெள்ளிக்கிழமை நிச்சயம் செய்யலாமா என்று தாணுலிங்கம் கைலாசநாதனைத்தான் நம்பியிருக்கிறார். திற்பரப்பிலிருந்து திரும்பும் வழியில் குலசேகரத்தில் கொடுக்கத்தான் கவர் பையில் இருந்தது. மூன்றாம் பக்கத்தின் கடைசியில் தெளிவாக எழுதியிருந்தார்: வேண்டாம்.

"பிள்ளைக்கு என்ன குற?" என்று அன்றைக்கே ஜாஸ்பின் கேட்டாள்.

"பிள்ளைக்குக் குறை இல்லை. தாய் பூக்கட்டுகிற கூலிக்காரி. குடும்பத் தரம் என்று ஒன்று இருக்கிறது, ஜாஸ்பின். என் மாமனார் ஆரல்வாய்மொழிப் பக்கம் பெரிய பூ வியாபாரி. தரம் பார்த்துச் சம்பந்தம் செய்ததால்தான் என் குடும்பம் இன்றைக்கு இந்த நிலையில் இருக்கிறது."

ஜாஸ்பின் புதுக்கடை ஊர்க்காரி, வாய்த்துடுக்கு அதிகம். எந்த நிலையில் என்று கேட்கத் துடித்த நாக்கைக் கடித்துக்கொண்டாள். சம்பள நாளுக்கு முந்தைய நாள் அது.

இப்போது அந்தக் காலிப் பை மேஜைமேல் இருந்தது. நேற்று அது முற்றிலும் காலியாக இல்லை. ரேஷ்மியின் ஆறு வளையலும் ஹரிகுமாரின் பர்ஸும் போனும் அப்படியே உள்ளே இருந்தன; அவற்றை அவர்களிடமே கொடுத்துவிட்டார். பையின் வாய் வாழைநாரால் கட்டப்பட்டிருந்தது. சாப்பாட்டுப் பொதிகளைக் கட்டிக் கொண்டுபோன அதே நார். கைலாசநாதன் அந்தக் கட்டைக் கெடுக்காமல், ஓரத்துத் தையலைப் பிரித்துத்தான் உள்ளே பார்த்திருந்தார்.

"இத பாத்தா எனக்கு ஒண்ணு தோணுது சாரே. திருடன் எவனாவது எடுத்துட்டுப் பைய கெட்டி வச்சிட்டுப் போவானா? வளையல விட்டுட்டு உங்க பழைய வாட்ச எடுப்பானா?"

"அவசரம்."

"அவசரக்காரன் நாரு தேடிக் கெட்டுவானா?"

கைலாசநாதன் எழுந்தார். அவர் எழுந்து கைகளைப் பின்னால் கட்டினால் ஒரு முடிவு வரப்போகிறது என்று பொருள். வந்தது.

"அங்கேதான் நீ கோட்டை விடுகிறாய். இது சாதாரணக் கட்டு இல்லை. முடிச்சே கிடையாது. சுற்றி நுனியைச் செருகியிருக்கிறது. இப்படி யார் கட்டுவார்கள்? பூக்கட்டுகிறவர்கள்! கை பழக்கத்தில் கட்டிவிட்டது. வளையலும் பர்ஸும் ஏன் போகவில்லை? வந்தது நகைக்காக இல்லை, கவருக்காக. அந்தக் கவர் காணாமல் போனால் யாருக்கு லாபம்?"

ஜாஸ்பின் பேனாவைக் காதிலிருந்து எடுத்தாள். "சுபிதாக்க அம்மை ஓமனாவா? சாரே, அந்தப் பாவம் எதுக்கு..."

"பாவமா? ரிப்போர்ட்டில் இன்னும் ஒரு வரி சேரும். தாய் பூக்கட்டுகிறவள், திருடுகிறவள். பிறகு இந்த மாவட்டத்தில் அந்தப் பெண்ணுக்கு எவன் மாலை போடுகிறான் என்று பார்க்கிறேன். வண்டியை எடு."

கைலாசநாதனுக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது. ஜாஸ்பினின் பின்னால், பையை மடியில் அணைத்தபடி, பிள்ளையைத் தடுப்பூசிக்குக் கொண்டுபோகிறவரைப் போல உட்கார்ந்து தோவாளைக்குப் போனார்.

பூச்சந்தையில் காலை வியாபாரம் முடிந்து தரையெல்லாம் தண்ணீரும் காம்பும் கிடந்தன. சந்தைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. ஏழெட்டுப் பெண்கள் பாய்களில் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் கேந்திப்பூக் குவியல். யாரும் பூவைப் பார்த்துக் கட்டவில்லை. கண் ஓரிடத்தில், பேச்சு ஓரிடத்தில், விரல்கள் மட்டும் தம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன.

"இங்கே ஓமனா என்பது யார்?" என்றார் கைலாசநாதன், நீதிமன்றக் குரலில்.

"நான்தான். மாலையா, சரமா?" என்றாள் ஐம்பது வயதை நெருங்கிய ஒருத்தி.

"துப்பு."

"அது இங்க கெடையாது. கேந்தி இருக்கு, பிச்சி இருக்கு."

ஜாஸ்பின் இருமலுக்குள் சிரிப்பை மறைத்தாள். கைலாசநாதன் விசிட்டிங் கார்டை நீட்டினார். ஓமனாவின் கை ஈரமாக இருந்ததால் பக்கத்தில் நின்ற பெண் வாங்கிக்கொண்டாள். பள்ளிக்குப் புறப்பட்ட கோலத்தில், தோளில் பையோடு நின்ற அந்தப் பெண் கார்டைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். சுபிதா.

"அம்மா, இது நம்ம தெருவெளக்கு சார்!"

"எந்தத் தெருவெளக்கு?"

"கணக்கெடுக்க வந்தாரில்லா. நம்ம தெருவுல இருக்கது ரெண்டு வெளக்கு. அத எண்ண மூணு நாளு வந்தாரு. வெளக்க எண்ணாம நம்ம அடுக்களையவே பாத்துட்டு நின்னாரு."

கொட்டகை முழுக்கச் சிரித்தது. குவியலுக்கு அந்தப் பக்கம் இருந்த செசிலி என்ற வயதான பெண், "அந்த ஒட்டு மீசைய எங்க சார் விட்டிய?" என்று கேட்டாள்.

கைலாசநாதனின் கை தானாக மேலுதட்டுக்குப் போய்த் திரும்பியது.

"குலசேகரத்து மாமா ஆளு அனுப்பியிருக்காருன்னு எங்களுக்கு முதல் நாளே தெரியும் சார்," என்றாள் சுபிதா. அவள் சிரிக்கவில்லை. "பாத்துக்கிடட்டும்னு விட்டுட்டோம். மறைக்கதுக்கு இங்க என்ன இருக்கு?"

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் விடைபெற்றிருப்பார்கள். கைலாசநாதன் குரலை இன்னும் உயர்த்தினார்.

"மறைக்க இருக்கிறது! நேற்றுத் திற்பரப்பில் என் பை திருடு போனது. அதில் உங்கள் குடும்பத்தைப் பற்றிய காகிதம் இருந்தது. திருடிய கை அதன் அடையாளத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. பூக்கட்டும் கை!" பையைப் பாயில் வைத்தார். "ஓமனா அம்மாள், நேற்றுப் பதினொன்றரை மணிக்கு எங்கே இருந்தீர்கள்?"

கொட்டகையில் எல்லா விரல்களும் நின்றன.

"இங்கதான்," என்றாள் ஓமனா. "இந்தப் பாயில. நேத்து முகூர்த்த நாளில்லா." அவள் குரல் சற்று இறங்கியது. "சார், என் பிள்ளைக்குக் கல்யாணம் பேசிட்டு இருக்கு. களவு அது இதுன்னு சத்தமாச் சொல்லாதீங்க. வேற என்னத்த வேணும்னாலும் எழுதிக்கிடுங்க. அத எழுதிராதீங்க."

"அதைத்தான் எழுதப் போகிறேன்."

ஜாஸ்பின் அவர் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள். ஓமனா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பையைத் தன் பக்கம் நகர்த்தினாள். கட்டின் மேல் விரலை ஓட்டினாள். அவள் நெற்றி சுருங்கியது.

"இது நான் கெட்டுனது இல்ல."

"எல்லாரும் முதலில் சொல்வது அதுதான்."

"அதில்ல சார். இங்க பாருங்க." ஒரு நாரை எடுத்துப் பையின் கைப்பிடியில் இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியைச் செருகினாள். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. "எனக்க சுத்து எந்தப் பக்கமாட்டுப் போவுது? இது எந்தப் பக்கமாட்டுப் போவுது?"

கைலாசநாதன் குனிந்து பார்த்தார். இரண்டும் எதிரெதிர்த் திசை.

"இது இடக்கைக்காரி கெட்டு," என்றாள் ஓமனா. "நுனியையும் பாருங்க. நாங்க ஒருக்கதான் சொருகுவோம். இது ரெண்டு தடவ. செசிலியக்கா, இஞ்ச வாங்க. இது ஆருக்க கெட்டுன்னு பாத்துச் சொல்லுங்க."

செசிலி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினாள். அதிகம் பார்க்கவில்லை.

"ஏட்டி, இது நம்ம சுஜா கெட்டில்லா!"

"எனக்கும் அதான் தோணிச்சு," என்றாள் ஓமனா மெதுவாக.

"எந்தச் சுஜா?" என்றார் கைலாசநாதன். பத்தொன்பது வருடப் பழக்கம். மூளை தடுப்பதற்குள் வாய் கேட்டுவிட்டது.

"ஆறுமுகப்பெருமாள் அண்ணனுக்க மவ. சைக்கிள்ல பூக்கூடைய வச்சுக் கெட்டி நாரோயிலுக்குக் கொண்டு போவாரே, அவருக்க மவ. நானும் அவளும் ஒரே பாயில இருந்து கெட்டுனவங்க. எங்க ரெண்டுபேரு சரத்தையும் கலந்து போட்டாலும் வியாபாரி பிரிச்சிருவான், இது வலது, இது எடதுன்னு. பொறவு அவள நாரோயில்ல ஒரு பெரிய எடத்துல கெட்டிக் குடுத்தாங்க."

"மாப்பிள்ள இப்பம் ஏதோ ரகசிய ஆபீசருன்னு பேச்சு," என்றாள் செசிலி. "பூக்கெட்டுத ஆளு ஒருத்தரும் கல்யாணத்துக்கு வரப்படாதுன்னு சொல்லிட்டானாம். மாமனாரப் பெரிய வியாபாரின்னு சொல்லி வச்சிருந்தான் போல."

"தலைக்கனம் பிடிச்சவன்," என்று மூன்றாவது ஒருத்தி முடித்துவைத்தாள்.

மேலே தகரம் சுட்டுக்கொண்டிருந்தது. கைலாசநாதனின் காலர் நனைந்து கழுத்தோடு ஒட்டியது. கொட்டகையில் அத்தனை பேருக்கும் தெரியாத ஒன்று ஜாஸ்பினுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

"சில நேரம் காருல இந்த வழியாப் போவா," என்றாள் ஓமனா. "கண்ணாடிக்குள்ள முகம் தெரியும். நான் கையத் தூக்குவேன். அவ குனிஞ்சுக்கிடுவா. என்ன கஷ்டமோ, பாவம்." அவள் நாரின் நுனியை விரலால் நிமிண்டினாள். "அவ திருடியிருக்க மாட்டா சார். திருடியிருந்தா வீட்டுல என்னமோ இருக்கு. நீங்க துப்பறியுதவரு. அவ எங்க இருக்கான்னு ஒண்ணு கண்டுபிடிச்சுச் சொல்லுவியளா?"

கைலாசநாதன் குனிந்து அந்த இரண்டு கட்டுகளையும் மறுபடி பார்த்தார்.

"பாக்கேன்," என்றார் கடைசியில். பத்தொன்பது வருடத்தில் அவர் பேச்சிலிருந்து நீதிமன்றம் இறங்கிப் போனது அதுதான் முதல் தடவை.

பையை எடுத்துக்கொண்டு அவர் திரும்பியபோது, ஓமனா எழுந்து வந்து ஒரு முழம் பிச்சிச் சரத்தை இலையில் சுருட்டி அவர் கையில் வைத்தாள். "சந்தேகப்பட்டது தொழிலு சார், எனக்கு வருத்தம் இல்ல. வீட்டுல அக்காவுக்குக் குடுங்க."

திரும்பும் வழியில் ஸ்கூட்டரில் ஜாஸ்பின் வாயே திறக்கவில்லை. அவள் பேசினால் வலிக்கும், பேசாவிட்டால் அதைவிட வலிக்கும் என்று அவருக்கு வெள்ளமடம் தாண்டியபோது தெரிந்துவிட்டது.

"ஏதாவது சொல்லேன், ஜாஸ்பின்."

"என்னத்தச் சொல்ல?"

"உனக்கு முன்னமே தெரியுமா?"

"ஊரு தெரியாது. ஆளு தெரியும்," என்றாள் ரோட்டைப் பார்த்தபடி. "மக வளையலத் தொடல்ல. மருமகன் பர்சத் தொடல்ல. சாமான் சிந்திரக்கூடாதுன்னு வாயையும் கெட்டி வச்சிருக்கு. இது திருடி இல்ல சாரே, அம்மை. காலைல சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தா என் கைப்பைய செக் பண்ணியிருப்பிய."



கிருஷ்ணன்கோவிலில் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுவிட்டு, "நான் உள்ள வரல்ல," என்று போய்விட்டாள். ரேஷ்மியும் ஹரிகுமாரும் காலையிலேயே மயிலாடிக்குக் கிளம்பியிருந்தார்கள். வீட்டில் சுஜா மட்டும்தான். அடுக்களையில் நின்று புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், இடது கையால். உறவுக்காரர்கள் வரும்போது மட்டும் கத்தியை வலது கைக்கு மாற்றிக்கொள்வாள். அவர்தான் மாற்றச் சொல்லியிருந்தார்.

கைலாசநாதன் இலைப் பொட்டலத்தை மேடையில் வைத்தார்.

சுஜா இலையை விரித்தாள். சரத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். அவளுக்கும் அதிக நேரம் ஆகவில்லை.

"ஓமனா கெட்டு," என்றாள். "அப்பம் தோவாளைக்குப் போயிட்டு வாறிய."

"ம்."

"அவகிட்ட என்ன சொன்னிய?"

"அவதான் திருடுனான்னு சொன்னேன். எல்லாரும் கேக்க."

சுஜா கத்தியைக் கீழே வைத்தாள். அடுப்பை அணைத்தாள். மேல் தட்டிலிருந்து எவர்சில்வர் தூக்குவாளியை இறக்கி அவர் முன்னால் வைத்து மூடியைத் திறந்தாள். போன், வாட்ச், செயின், நான்காக மடித்த கவர். நேற்றுத் திற்பரப்பிலிருந்து நாகர்கோவில்வரை அவள் மடியில் வைத்துக்கொண்டு வந்த பாத்திரம். அவர் வேனின் இருக்கைக்கடியில்கூடத் தேடினார். தயிர்சாதம் இருந்த பாத்திரத்தில் யார் தேடுவார்கள்?

"கவரு மட்டும் போனா நீங்க என்னத் தவிர ஆரையும் நெனைக்க மாட்டிய. அதான் உங்க சாமானும் என் சாமானும் எடுத்தேன். பிள்ளையளுக்க சாமானத் தொட மனசு வரல்ல."

"பைய எதுக்குக் கெட்டி வச்ச?"

"தொறந்து போட்டா வளையல் கீழ விழாதா?" என்றாள். அது ஒரு கேள்வியா என்பது போல.

கைலாசநாதன் ஸ்டூலில் உட்கார்ந்தார். சுஜா கவரை எடுத்து மூன்றாம் பக்கத்தை விரித்து அவரிடம் நீட்டினாள்.

"முந்தாநாள் ராத்திரி நீங்க எழுதி வச்சிட்டுப் படுத்தப்பம் வாசிச்சேன். இப்பம் நீங்க வாசிங்க. சத்தமா."

"வேண்டாம், சுஜா."

"பத்தொம்பது வருஷமா எழுதுதிய. ஒரு தடவ வாசிங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "பெண்ணின் தாய் பூக்கட்டும் கூலிக்காரி. விரல் நகங்களில் நார்க்கறை. இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பெண் ஒரு கௌரவமான குடும்பத்தில்..." அதற்கு மேலும் கையெழுத்து தெளிவாகத்தான் இருந்தது. வாசிக்க முடியவில்லை.

"ஒரு கௌரவமான குடும்பத்தில் எப்படி இருப்பாள்னு எழுதியிருக்கிய," என்றாள் சுஜா. "இருபத்தாறு வருஷம் இருந்தாச்சு. எப்படி இருந்தேன்னு என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

அவர் காகிதத்தை மடித்தார்.

"பூக்கெட்டுனதுக்கு நான் ஒரு நாளும் வெக்கப்பட்டதில்ல, கேட்டியளா. அப்பாவ வியாபாரின்னு நீங்க சொன்னிய. சரி, புருஷன் சொல்லுதாருன்னு நானும் சொன்னேன். ஓமனா ரோட்டுல நின்னு கையத் தூக்குனா, நான் சீட்டுல கெடக்காத சாமானக் குனிஞ்சு தேடுனேன். அந்த வெக்கம் இருக்கே..." அவள் புடலங்காய்த் துண்டுகளைத் தட்டில் ஒதுக்கினாள். "அவ மகளுக்கும் உங்க பேனாவால வந்திரப்படாதுன்னுதான் எடுத்தேன். போலீசுல குடுக்கணும்னா குடுங்க."

அவள் போனை எடுத்து ஆன் செய்து அவர் கையில் கொடுத்தாள். பதினான்கு தவறிய அழைப்புகள். எண்ணி முடிப்பதற்குள் பதினைந்தாவது வந்தது. தாணுலிங்கம்.

"என்னவே, எங்க போய்த் தொலஞ்சீரு? வெள்ளிக்கிழம நிச்சயம் வைக்கவா வேண்டாமா? பயலு ரெண்டு நாளா சோறு திங்கல்ல."

கைலாசநாதன் தொண்டையைக் கனைத்தார். 'எமது விசாரணையில்' என்று தொடங்குவது வழக்கம். அது வரவில்லை.

"வையுங்க. நல்ல பிள்ள."

"அது எனக்கே தெரியும். அம்மைக்காரி பூக்கெட்டுதாளாமே? என் சம்சாரத்துக்கு அது ஒண்ணுதான் கெடந்து அரிக்கி. நாளைக்கு நாலுபேரு மூஞ்சில எப்படி முழிக்கதுன்னு கேக்கா."

சுஜா மறுபடியும் புடலங்காயை எடுத்துவிட்டாள். அவர் பக்கம் திரும்பவில்லை. ஆனால் கத்தி அசையாமல் நின்றது.

"என் சம்சாரமும் பூக்கெட்டுன கைதான்," என்றார் கைலாசநாதன்.

"உம்ம மாமனாரு பெரிய வியாபாரியில்லா?"

"இல்ல. சைக்கிள்ல பூக்கூட வச்சுக் கொண்டு போறவரு. நான் அப்படிச் சொல்லிக்கிட்டேன்."

போனின் பின்னணியில் யாரோ ரப்பர் ஷீட்டை எடை போடச் சொல்லும் சத்தம் மட்டும் வந்தது.

"சரி," என்றார் தாணுலிங்கம் கடைசியில். "அப்பம் ரிப்போர்ட்டு வேண்டாம். வெள்ளிக்கிழம காலைல பத்து மணிக்குத் தோவாளைக்கு வாரும், பொண்ணு வீட்டுக்கு. சம்சாரத்தையும் கூட்டிட்டு வாரும். இப்பம் என்கிட்டச் சொன்னத என் வீட்டுக்காரிகிட்ட நேருல சொல்லும். அவ வேற ஆரு சொன்னாலும் நம்ப மாட்டா. நீரு சொன்னா நம்புவா. நீருதானே தரம் பாக்குதவரு."

லைன் துண்டித்தது.

தரம் பார்க்கிறவர் போனை மேடையில் வைத்தார். வெள்ளிக்கிழமை, பத்து மணி, ஓமனாவின் வாசல். செசிலி இருப்பாள். தலைக்கனம் பிடித்தவன் என்றவளும் இருப்பாள். அவர்களுக்கு நடுவில் சுஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து போக வேண்டும். ஒட்டு மீசை உதவாது.

"நான் வரல்ல," என்றார். பிறகு, பேரம் பேசுகிற குரலில், "வருதேன். ஆனா வண்டிக்குள்ளயே இருந்துக்கிடுதேன். நீ உள்ள போயி தாணுலிங்கம் வீட்டுக்காரிகிட்டச் சொல்லிரு. உன் பேச்ச நம்புவாங்க."

சுஜா பிச்சிச் சரத்தைத் தலையில் வைத்து, இடது கையால் ஊசி செருகினாள்.

"தோவாளை வரும்போதெல்லாம் வண்டிக்குள்ள இருந்தது நான்," என்றாள். "வெள்ளிக்கிழம நீங்க மொதல்ல இறங்குங்க. நான் பொறவால வாறேன்."